விழித்திரைக்குப் பவுடர் பூசியவர்

பினாங்குத் தீவில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல், ஊசியைத் தொடாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதினோரு பேரின் ரத்தக்கொதிப்பையும் இனிப்பு நீர் எனும் சர்க்கரை நோயையும் ஒழித்துக்கட்டியவர் டச்சப் அண்ணே ஒருவர்தான். உலக மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடு கிடையாது. அந்தப் பதினோரு பேருக்கும் நோயைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கும் ஈடு கிடையாது.

அவர் மேல் எனக்கு முதன்முதலில் சந்தேகம் உதித்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில். ஜார்ஜ்டவுனில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கிய கண் மருத்துவ நிலையத்தில், கணினி முன் உட்கார்ந்து, கறிச்சோறு விற்கும் நாசி கண்டார் கடை பாயின் விழித்திரைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்க்கு எழுபத்திரண்டு வயது. இருபது வருட இனிப்பு நீர். ரத்த அழுத்தமோ, அவர் கடை மீன்தலைக் கறியில் மிதக்கும் எண்ணெய் மாதிரி எப்போதும் மேலேயேதான் நிற்கும். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால், "ஞாபகம் வந்தா போடுவேம்மா" என்பார். ஞாபகம் மாதம் ஒருமுறை வரும். அப்படிப்பட்டவரின் கண்ணுக்குள் நான் பார்த்தது பிறந்து மூன்று நாளான குழந்தையின் கண். ஒரு புள்ளி இல்லை. ஒரு கறை இல்லை. சுவரில் மாட்டலாம்.

மருத்துவ அதிசயம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அக்கரைத் தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் காடியில், அதாவது காரில், பாலம் தாண்டி வந்து, ஆறே மாதத்தில் உலகத்தை மாற்றிவிடத் திட்டமிட்டிருந்த ஆராய்ச்சி உதவியாளர். நாசி கண்டாரில் விழித்திரையைக் காக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று கட்டுரைக்குத் தலைப்புகூட மனத்துக்குள் தயாராகிவிட்டது. பிறகுதான் அதைக் கண்டேன். படத்தின் இடது ஓரத்தில், கவட்டை போலப் பிரியும் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று. அதே கவட்டை வலது மூலையிலும் இருந்தது. அதே வளைவோடு கீழேயும் இருந்தது. இயற்கைக்குச் சோம்பல் உண்டுதான். ஆனால் வெட்டி ஒட்டும் பழக்கம் அதற்கு இல்லை.

எங்கள் ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நம் உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக்குழாய்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் கண்ணின் பின்சுவர்தான். அங்கே விரித்திருக்கும் விழித்திரை, கருவிலேயே மூளையிலிருந்து கிளைத்து வந்த பகுதி. ஆகவே அங்கே ஓடும் குழாய்கள் சுருங்கினால், கசிந்தால், முறுக்கிக்கொண்டால், மூளையில் ஓடும் குழாய்களும் இதயத்துக்குப் போகும் குழாய்களும் என்ன கதியில் இருக்கின்றன என்று ஊகிக்க வழி உண்டா? யாருக்குப் பக்கவாதம் வரலாம், யாருக்கு நினைவு மங்கலாம் என்று முன்கூட்டியே துப்புக் கிடைக்குமா? உலகெங்கும் இதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் எங்கள் பங்குக்கு, ஐம்பத்திரண்டு பேரின் கண்ணைப் படமெடுத்துத் தேடினோம். அந்தப் படங்களில் ரத்தக்குழாய்களின் அகலத்தை அளப்பது என் வேலை. படங்களை எடுப்பது டச்சப் அண்ணேயின் வேலை.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். முப்பது வருடம் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் எல்லாப் படத்தையும் டச்சப் செய்து, ஜார்ஜ்டவுனில் பாதிப் பேரின் முகப்பருவை உலகம் அறியாமல் பார்த்துக்கொண்டவர். மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி நட்டிருக்கிறார். சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே வராத மாமாவைக் குடும்பப் படத்தில் சிரித்தபடி நிற்கவைத்திருக்கிறார். எல்லோர் கையிலும் கேமரா உள்ள போன் வந்ததும் ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டு, "படம் எடுக்க ஆள் தேவை" என்று நாங்கள் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து மாடியேறி வந்துவிட்டார். எதைப் படமெடுக்க என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேமராவுக்கு ஆளே தேவையில்லை. தாடையை அதன் மேல் வைத்தால் அதுவே கண்மணியைத் தேடும், அதுவே குறிபார்க்கும், அதுவே சொடுக்கும். அண்ணேக்கு இது பெரிய அவமானம். இயந்திரத்துக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்பார். அது சொடுக்கும் கணத்தில் பக்கத்தில் நின்று, "சிரிங்க!" என்று ஒரு சத்தம் கொடுப்பார்.

"அண்ணே, கண்ணுக்குள்ள எடுக்குற படத்துக்கு எதுக்கு சிரிக்கணும்?"

"சிரிச்சா உள்ள வரைக்கும் தெரியும் தங்கச்சி. நீ படிச்ச புள்ள, உனக்கு வெளங்காது."

அவர் வந்த இரண்டாம் வாரமே அந்த அறை ஸ்டூடியோவாகிவிட்டது. சுவரில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பு, ஒரு பவுடர் டின், பொட்டு அட்டை. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. அவசரமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்க வருபவர்களுக்காக ஸ்டூடியோவில் வைத்திருந்த அதே கோட்டு. விழித்திரைப் படத்துக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் தலைவாரி, பவுடர் பூசி, அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அரைக்கால் சட்டைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, தாடையை இயந்திரத்தில் வைத்து, அமைச்சர் தோரணையில் வெறித்துப் பார்த்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மரியாதை கிடைக்கும்போது யார்தான் காரணம் கேட்பார்கள்?

ரத்தக்குழாய்களைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தமும் இருந்தது. தமனி மெலிந்து பளிச்சென்று ஓடும். சிரை கொஞ்சம் அகன்று இருண்டு ஓடும். இரண்டும் ஜோடி ஜோடியாகத்தான் போகும். நான் இதை ஒரு பருவம் முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணே இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்: "ஒல்லியா செவப்பா போறது மாப்பிள்ளை. பூசினாப்ல போறது பொண்ணு. சில வீட்ல பாரு, தாண்டிப் போற எடத்துல மாப்பிள்ளை பொண்ணு கழுத்தப் புடிச்சி நெரிக்கிறான். அந்தக் குடும்பம் உருப்படாது லா."

கெட்டிப்பட்ட தமனி சிரையை அழுத்துவது நெடுநாள் ரத்தக்கொதிப்பின் அடையாளம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அண்ணேயின் உரைநடை மேல் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"அண்ணே, பாய் படத்துல என்ன பண்ணீங்க?"

"நல்லா வந்திருக்கா?" என்றார் வெட்கத்தோடு.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் கேக்குறேன்."

"நீ அசல பாக்கணும் தங்கச்சி. ஒரே புள்ளி. செவப்பு செவப்பா, நடுவுல மஞ்ச மஞ்சளா, மொளகா சம்பால் தெளிச்ச மாதிரி. பாவம், கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு எவ்ளோ ஆசையா உக்காந்தாரு. அப்படியே குடுத்தா மனசு கஷ்டப்படாதா? முக்கா மணி நேரம் உக்காந்து சுத்தம் பண்ணேன் லா."

"அண்ணே! அது ரத்தக் கசிவு!"

"அதான் எடுத்துட்டேன்ல?"

நான் மடிக்கணினியை அவர் மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ இன்னும் பசியாறலையா?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்லி எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பங்கேற்பவர்களுக்கு நன்றியாக அவரவர் விழித்திரைப் படத்தை ஒரு பிரதி போட்டுக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது நான். வேலைமுறைத் தாளில், "இறுதிப் படத்தை மட்டும் பொதுக் கோப்புறையில் சேமிக்கவும்" என்று தட்டச்சு செய்ததும் நான். ஸ்டூடியோக்காரருக்குக் கேமராவிலிருந்து வருவது இறுதிப் படமா? அது நெகட்டிவ். சமைக்காத கோழியை யாராவது பந்தியில் வைப்பார்களா? அதைக் கழுவி, துடைத்து, பரு நீக்கி, நிழல் எடுத்து, பிறகு வருவதுதான் இறுதிப் படம். அண்ணே என் எழுத்தை வரிக்கு வரி பின்பற்றியிருந்தார். எங்கள் நிலையத்திலேயே வேலைமுறைத் தாளை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

ஆராய்ச்சியின் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் டாக்டர். நான்கு வார்த்தையில் சொல்ல வேண்டியதை மூன்றில் முடிப்பவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றும் மூன்றில் முடித்தார்.

"எல்லாப் படமும் பொய்."

பிறகு கேட்டார்: "இதப் பாத்துட்டு எத்தன பேருக்கு 'கவலையில்லை'ன்னு லெட்டர் போட்டிருக்கோம்?"

"எல்லாருக்கும், டாக்டர்."

உண்மைதான். பினாங்குக்காரர்களின் ரத்தக்குழாய் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று நாங்கள் இரண்டு மாதமாக வியந்துகொண்டிருந்தோம். டாக்டர் ஒரு கருத்தரங்கில் பேசவும் சம்மதித்திருந்தார்.

"இதுல ஒருத்தருக்கு நாளைக்கு ஸ்ட்ரோக் வந்தா," என்றார் டாக்டர், கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்து, "ஒனக்கு ஒண்ணும் இல்ல, நிம்மதியாப் போன்னு எழுதிக் குடுத்தது நாம. யார் யாருன்னு எனக்கு நாளைக்குள்ள தெரியணும்."

அதுவரை இது எனக்கு நல்ல நகைச்சுவைக் கதையாக இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து இல்லை. அண்ணேயின் அறைக்குத் திரும்பி ஓடினேன்.

"அண்ணே, அசல் படமெல்லாம் இருக்கா, அழிச்சிட்டீங்களா?"

வாழ்நாளில் அவரை நான் இவ்வளவு புண்படுத்தியதில்லை. "நெகட்டிவைத் தூக்கிப் போடுறவன் போட்டோகிராபரா?" என்று கேட்டுவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து தீபாவளி முறுக்கு டின் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே பாஸ்போர்ட் படம் போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகள். ஸ்டூடியோவை மூடியபோது விற்காமல் மிஞ்சிய மெமரி கார்டுகள் ஆளுக்கு ஒன்றாக அவற்றுள் இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உறைகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்ததும் வந்த அழுகை உள்ளே போய்விட்டது.

ஆராய்ச்சியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அண்ணேக்கு எண்கள் ஆகாது. "சிரிக்காத அக்கா." "மூக்குத்தி." "மருமகனைத் திட்டிக்கிட்டே வந்தவர்." "கண்ணு கொட்டி, பெருசு." "கண்ணு கொட்டி, சிறுசு." உலகத் தரத்தில் அமைந்த எங்கள் தரவுத்தளம் முழுவதும் ஒரு முறுக்கு டின்னுக்குள், அண்ணேக்கு மட்டும் புரியும் மொழியில் அடங்கியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை. டாக்டர், நான், அண்ணே, டின். ஒவ்வொரு கார்டாகப் போட்டு அசல் படத்தைத் திரையில் விரிக்க வேண்டியது, அது யார் என்று அண்ணே சொல்ல வேண்டியது. நான் உறையைப் படித்துக் காட்டப் போனேன். அண்ணே கையமர்த்தினார். உறையே தேவையில்லையாம். நமக்கு முகங்கள் தெரிவதுபோல அவருக்கு விழித்திரைகள் தெரிந்தன.

"இது மாக் மண்டின் பக்கம் ஃபேக்டரில சூப்பர்வைசரா இருக்காங்களே, சிரிக்காத அக்கா. பாரு, கொழாய்கூட வெறைப்பா இருக்கு. இது மூக்குத்தி. நல்ல குடும்பம், மாப்பிள்ளையும் பொண்ணும் சண்டையில்லாம போறாங்க. இவரு மருமகனைத் திட்டுறவரு. ஐயோ, இவருக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்தேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "ரெண்டு மணி நேரமா?"

"கழுத்து நெரிக்கிறது மட்டும் அஞ்சு எடத்துல டாக்டர். ஒவ்வொண்ணா பிரிச்சி வுட்டேன்."

"யார் யாருக்கு ரொம்ப நேரம் ஆச்சு? வரிசையா சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் எழுதினேன். பாயையும் சேர்த்துப் பதினோரு பேர். டாக்டர் அசல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தனியாக ஒரு பட்டியல் போட்டார். இரண்டும் அதே பதினோரு பேர். நான் இரண்டு மாதமாகப் பிக்சல் பிக்சலாக அளந்து கண்டுபிடிக்காததை, அழகாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அண்ணே அன்றைக்கன்றே கண்டுபிடித்து, அன்றைக்கன்றே அழித்துமிருந்தார். இதை எந்த ஆய்விதழிலும் வெளியிட முடியாது என்பதுதான் சோகம்.

டின் காலியாகிக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டு எண்களுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் அடியில் இன்னும் ஓர் உறை இருந்தது. மேலே எதுவும் எழுதவில்லை. கார்டைப் போட்டேன். ஒரு இடது கண்ணின் விழித்திரை வந்தது. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

மேல்பக்கத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், மிகச் சின்னதாக, பளபளப்பாக ஒரு மஞ்சள் துணுக்கு சிக்கியிருந்தது. மற்றப் படங்களில் பார்த்த கசிவுகள் போல அது பயங்கரமாக இல்லை. சொல்லப்போனால் அழகாகக்கூட இருந்தது.

"இது கண்ணுல உருவானது இல்ல," என்றார் டாக்டர் மெதுவாக. "கழுத்துல போற பெரிய கொழாய்ல கொழுப்பு படிஞ்சி, அதுலருந்து ஒரு துண்டு ஒடைஞ்சி வந்து இங்க மாட்டியிருக்கு. அடுத்த துண்டு கண்ணுக்கு வராம மூளைக்குப் போகலாம். நாளைக்குப் போகலாம், இன்னிக்கே போகலாம். இவர மொதல்ல புடிக்கணும். யார்ணே இது?"

அண்ணே திரையைப் பார்த்தார். "தெரியல," என்றார்.

ஐம்பத்திரண்டு கண்களை உறையைப் பார்க்காமலே அடையாளம் சொன்னவரின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் எழுந்து, "பசியாறிட்டு வந்துடுறேன்" என்றார். பசியாறி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தின்று முடித்த ரொட்டி சானாய் பொட்டலத்தாளை அவரே மடித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார்.

நான் அந்தக் கார்டில் இருந்த மற்றப் படங்களையும் திறந்தேன். எல்லாம் அதே கண். வேலை நாட்களில் நாள் தவறாமல் ஒரு படம். ஒவ்வொன்றும் காலை எட்டு மணிக்கு எடுத்தது. நிலையம் திறப்பது ஒன்பதுக்கு. எட்டு மணிக்கு வந்து கதவைத் திறந்து, கேமரா சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவர் ஒருவர்தான். தாடையை வைத்தால் தானே சொடுக்கும் இயந்திரத்தில் வேறு யாருடைய கண்ணை வைத்துச் சோதிக்க முடியும்?

மூன்று வாரங்களுக்கு முன்புவரை அந்த மஞ்சள் துணுக்கு இல்லை. பிறகு இருந்தது.

அவர் பசியாறப் போகவில்லை. கேமரா அறையில், கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார்.

"எப்பலேருந்துண்ணே?"

சீப்பு நின்றது. "மூணு வாரம் இருக்கும். இந்தப் பக்கத்துக் கண்ணுல ஒரு திரை எறங்கும். ஒரு நிமிஷம். அப்பறம் தானா ஏறிடும். நம்ம ஸ்டூடியோல கயிறு கட்டுன திரை ஒண்ணு இருந்திச்சு, அதே மாதிரி."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னான்னு சொல்றது? ஆளே வேணாங்குற கேமரா இது. இதுல கண்ணு போன ஒருத்தனை நிக்க வெச்சி அழகு பாப்பாங்களா?"

இந்த இடத்தில் அவரைத் தேற்றும்படி நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் கேட்டது இதுதான்: "அதையும் டச்சப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணேன்," என்றார். "மறுநாள் காலையில பாத்தா மறுபடியும் அங்கேயே உக்காந்திருக்கு லா."

பின்னால் டாக்டர் வந்து நின்றிருந்தார். கேமரா அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சை அன்று நிகழ்த்தினார்.

"அண்ணே, கோளாறு ஒங்க கண்ணுல இல்ல, கழுத்துல. கழுத்தால யாரும் படம் எடுக்குறதில்ல. அத சரி பண்ணிக்கிட்டு வாங்க. கேமரா இங்கேயேதான் இருக்கும். வராம விட்டீங்கன்னா, இந்த முறுக்கு டின்னுல இருக்குற பேரையெல்லாம் நான் யாருகிட்டப் போயி கேக்குறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கோட்டோட வரலாமா?" என்று கேட்டார்.

என் காடியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை, ஜார்ஜ்டவுன் முழுக்கச் சுற்றுப்பயணிகள். சுவரோவியம் ஒன்றின் முன் நடுச்சாலையில் நின்று ஒரு கூட்டம் படமெடுத்துக்கொண்டிருந்தது. நான் ஹாரன் அடிக்கிறேன். அடுத்த துண்டு எப்போது உடையுமோ தெரியாது. அண்ணே கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "வெயிலுக்கு எதிர்ல நிக்காதீங்க லா! மூஞ்சி கறுப்பா வரும்!" என்று அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். அவர்கள் இடம் மாறி நின்றார்கள். வழி கிடைத்தது.

கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். இடது பக்கக் குழாய் பெரும்பாலும் அடைத்திருந்தது. கோட்டுப் போட்டு, பவுடர் மணக்க ஒரு மனிதர் எந்த வலியும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. திரையைப் பார்த்த பிறகு நாற்காலியிலிருந்து அவரை எழுந்திருக்கவே விடவில்லை. அண்ணேயின் கவலை வேறு. "என்னா தங்கச்சி, சாம்பல் சாம்பலா எடுத்து வெச்சிருக்காங்க? வெளிச்சம் இல்ல, ஓரம் இல்ல. இத எப்படி வீட்ல மாட்டுறது?"

இரண்டு நாளில் அறுவை நடந்தது. பக்கவாதம் வரவில்லை. வரப் பார்த்தது, வரவில்லை. மயிரிழையில் தப்பினார்.

கழுத்தில் கட்டோடு படுத்திருந்தபடியே அந்தப் பதினோரு பேரையும் போனில் அழைப்பது தன் பொறுப்பு என்று பிடிவாதம் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் போட்டுக் கொடுத்தேன். அறிவியல் உலகில் தவறை ஒப்புக்கொள்வதற்கு என்னென்னவோ மரபுகள் உண்டு. இப்படி ஒன்று எனக்குத் தெரிந்து கிடையாது.

"பாய், நான்தான் படம் எடுத்தவன் பேசுறேன். ஒங்களுக்குக் குடுத்த படம் இருக்குல்ல, அது நான் அழகாக்குனது."

மறுமுனையில் கடைச் சத்தம். "அப்ப என் கண்ணு அசிங்கமா இருக்கா?"

"ரொம்ப அசிங்கமா இருக்கு பாய். நாளைக்கே வந்து டாக்டரப் பாருங்க. மாத்திரைய ஒழுங்காப் போடுங்க."

"வூட்ல பிரேம் போட்டு மாட்டிட்டேனே!"

"கழட்டுங்க. நான் வேற தர்றேன்."

பதினோரு பேரும் வந்தார்கள். டாக்டரின் கடிதம் போயிருந்தால் பாதிப் பேராவது அலட்சியமாக இருந்திருப்பார்கள். உங்கள் கண் அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? சிரிக்காத அக்கா நடந்ததைக் கேட்டுவிட்டு எங்கள் வரவேற்பறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரத்த அழுத்தத்தை அளந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்.

வேலைமுறைத் தாளைத் திருத்தினேன்: "கேமராவிலிருந்து வந்தது வந்தபடி." அண்ணே திரும்பி வந்ததும் அதைப் படித்துவிட்டு, நெகட்டிவையே வெளியே காட்டும் காலம் வந்துவிட்டதே என்று ஒருநாள் துக்கம் அனுசரித்தார். பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். விழித்திரையில் கைவைக்கக் கூடாது. வீட்டுக்குக் கொடுக்கும் பிரதியில் ஓரத்தை மட்டும் அலங்கரித்துக்கொள்ளலாம். பாயின் இப்போதைய படத்தில் ரத்தக் கசிவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் நான்கு தங்கநிற மயில்கள் நிற்கின்றன. பாய் அதைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். தன் நாக்கு கறி கேட்கும்போதெல்லாம் திரும்பி அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாராம்.

போன வருடம் அண்ணே வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு அக்கரையில் சுங்கை பாக்காப்புக்குப் போய்விட்டார். வருடாவருடம் வந்து கண்ணைக் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வருடம் வரவில்லை. போன் போட்டால், "அந்தக் கேமராவுக்கு நான் இல்லாம திமிரு கூடியிருக்கும் தங்கச்சி, நான் வர மாட்டேன்" என்கிறார்.

வராவிட்டால் போகட்டும். எங்களுக்கு இப்போது கையில் தூக்கிப்போகும் கேமரா ஒன்று கிடைத்திருக்கிறது. சுங்கை பாக்காப் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கண்ணைப் படமெடுக்க யாரும் பாலம் தாண்டி வரமாட்டார்கள். அதனால் நாங்கள் போகிறோம். அதே ஆட்களை ஒவ்வொரு வருடமும் படமெடுத்து, குழாய்கள் மாறும்போது நடையும் நினைவும் மாறுகின்றனவா என்று பார்க்கப்போகிறோம். ஒன்றும் தெரியாமலே போகலாம். டாக்டர் சொல்வதுபோல இது ஜோசியம் இல்லை. படத்துக்கு ஆள் வேண்டும் என்று அண்ணேயிடம் சொன்னேன். இந்தக் கேமராவைக் கையில் பிடித்து ஒருவர் குறிபார்க்க வேண்டும், தானாக எதுவும் சொடுக்காது என்றும் சொன்னேன்.

"கோட்டு ஒண்ணு போதுமா, ரெண்டா எடுத்துக்கவா?" என்று கேட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில். முதல் படம் யாருடையது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த இடது கண்ணைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாற்காலியில் உட்காரவைத்து, கோட்டை மாட்டிவிட்டு, "சிரிங்கண்ணே" என்று நான்தான் சொல்லப்போகிறேன். உள்ளே என்ன இருந்தாலும் அதை இருக்கிறபடியே பார்க்கும் தைரியம் எனக்கு வர வேண்டும். வருமா என்று தெரியவில்லை. சீப்பை மட்டும் இப்போதே எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.